சந்தைக்காரிக்கு மெட்ராஸ் ஐ

எங்கள் தமிழ்ப் பள்ளியின் பாலர் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். நாலு வயதுக்குக் குறைந்தவர் இல்லை, ஆறு வயதுக்கு மேற்பட்டவரும் இல்லை. லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கட்டடத்தைச் சனிக்கிழமைகளில் மட்டும் வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். வகுப்பு பத்து மணிக்குத் தொடங்கும். முதல் பிள்ளை பத்தே காலுக்கு வரும். யார் எத்தனை நிமிடம் பிந்தி வந்தார்கள் என்று பதிவேட்டில் எழுதி வைக்கிறேன். அதனால் ஒருவரும் திருந்தியதில்லை, ஆனால் எழுதாமல் விட்டால் எனக்குச் சாப்பாடு செமிக்காது.

கிழமை நாட்களில் எனக்குக் கவுன்சிலில் பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலை. இரவில் நாட்குறிப்பு. இருபத்தாறு வருடங்களாக எழுதுகிறேன். பெரிய சிந்தனை ஒன்றும் அதில் இருக்காது. வானிலை, ஏறிய ரயில், அது பிந்திய நிமிடங்கள், வைத்த கறி, கடைசியில் ‘உடம்பு’ என்று ஒரு வரி. பெரும்பாலும் அந்த வரியில் ‘சுகம்’ என்றுதான் இருக்கும்.

கலைவிழாவுக்குப் பாலர் வகுப்பின் பங்கு ‘மரக்கறிச் சந்தை’. பதினொரு மரக்கறி, ஒரு சந்தைக்காரி. ஒவ்வொரு மரக்கறியும் முன்னே வந்து தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லும். சந்தைக்காரிதான் கூவிக் கூவி எல்லோரையும் விற்க வேண்டும். வகுப்பில் எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். ஒரே ஒரு பிள்ளை மட்டும் கூப்பிட்டால் தெருவில் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். ஐந்து வயது. எங்களிடம் இருந்த ஒரே தமிழ்நாட்டுப் பிள்ளை; மற்றவர்கள் எல்லோரும் ஈழத்துப் பிள்ளைகள். சந்தைக்காரி வேஷத்தை அவளுக்குக் கொடுத்தேன்.

இங்கே பெயர்கள் வேண்டாம். பெற்றோரை அவரவர் பிள்ளையின் மரக்கறியால் குறிப்பிடுகிறேன். அந்த மாதம் எங்களுக்குள்ளும் அப்படித்தான் அழைத்துக்கொண்டோம்.

வேஷம் அறிவித்த அன்றே கரட்டின் தாய் வகுப்பு முடியும்வரை வாசலில் நின்றார்.

“ரீச்சர், சந்தைக்காரி எங்கட தமிழ் எல்லோ கதைக்கவேணும். அந்தப் பிள்ளை ‘வாங்க வாங்க’ எண்டு கூப்பிடுது. ‘வாங்கோ’ எண்டாத்தானே சனம் வரும்.”

“ரெண்டுக்கும் சனம் வரும்.”

“ஓம், ஓம்” என்றார், ‘இல்லை, இல்லை’ என்ற குரலில்.

விழாவுக்கு நாலு கிழமை, ஏறத்தாழ ஒரு மாதம், இருக்கும்போது விழா மலருக்குப் படம் எடுத்தோம். பிள்ளைகள் மட்டை வெட்டி, நிறம் பூசி, நடுவில் முகத்துக்கு ஓட்டை விட்ட வேஷங்களோடு வந்தார்கள். கமராவைப் பிடித்தவர் பூசணிக்காயின் தகப்பன். இரண்டு படம் எடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“எல்லாம் ஒரே மட்டையாத் தெரியுது, ரீச்சர். கண் எடுப்பா இல்லை.”

என் கைப்பையில் மை டப்பா இருந்தது. கறுப்பு மை, வட்டத் தகர டப்பா, வழக்கமாக நான் பூசுவது. ஆனால் மை விரல் கிட்ட வந்ததும் முதல் பிள்ளையே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அவன் வெங்காயம்.

“நோகும்” என்றான்.

“நோகாது, ராசா. இஞ்ச பாருங்கோ.” விரலை டப்பாவில் தொட்டு என் இடது கண்ணில் இழுத்துக் காட்டினேன். “ரீச்சர் அழுறாவே? இல்லை.” பிறகு அதே விரலால் அவனுக்கு.

ஒருமுறை காட்டினால் போதும் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளைகள் அடுத்தவர் பெற்ற நிரூபணத்தை ஏற்பதில்லை. ஒவ்வொருவருக்கும் புதிதாக, நேரடியாக, தன் கண் முன்னே என் கண்ணில் பூசிக் காட்ட வேண்டியிருந்தது. ஒன்பது பிள்ளைகளுக்கு ஒன்பது தடவை. சந்தைக்காரி ஒன்பதாவது. பாகற்காய், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு மூவரும் மேசைக்கு அடியில் போய்ச் சேர்ந்தார்கள். எவ்வளவு கெஞ்சியும் வெளியே வரவில்லை. படம் நன்றாக வந்தது. வீட்டுக்குப் போனபோது என் கணவர் என்னைப் பார்த்து, “ஒரு கண்ணில கரிச்சட்டி கவிண்டதோ?” என்று கேட்டார்.

அடுத்த வியாழக்கிழமை காலை எட்டே காலுக்குப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் சந்தைக்காரியின் தாய் ஒரு செய்தி போட்டார். “எல்லாருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு மெட்ராஸ் ஐ வந்திருக்கு. மத்த பசங்களையும் கொஞ்சம் பாத்துக்கோங்க. இந்த வாரம் அனுப்பல.”

மரியாதையான செய்தி. அது வரைக்கும் வேறு யாரும் வாய் திறந்திருக்கவில்லை. இப்போது ஒவ்வொருவராகத் திறந்தார்கள். கரட்டின் கண் புதன்கிழமையே சிவந்திருந்தது. கத்தரிக்காய்க்குக் காலையில் பீளை ஒட்டிக் கண் திறக்க முடியவில்லை. வெங்காயத்துக்குத் திங்கட்கிழமையே கண் கலங்கித் தண்ணீர் கொட்டியிருக்கிறது. பிள்ளை வேஷத்தோடு ஒன்றிவிட்டான் என்று வீட்டில் எல்லோரும் கை தட்டியிருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் கணக்கு எட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு குழுவில் வந்தவற்றை நான் அன்றே பார்த்து எழுதி வைத்தேன்.

“மெட்ராஸ் ஐ எண்டால் என்ன?”

“மெட்ராஸில இருந்து வாற கண் வருத்தமாக்கும்.”

“அவை விடுமுறைக்கு மெட்ராஸுக்குத்தானே போய் வந்தவை?”

“பேரிலேயே கிடக்கு. பிறகென்ன விசாரணை.”

நாங்கள் இதைக் கண் நோய் என்போம். தமிழ்நாட்டார் எங்கே இருந்தாலும், எந்த ஊரில் தொற்றினாலும் மெட்ராஸ் ஐ என்றுதான் சொல்வார்கள். அந்த நகரத்துக்கே பெயர் மாறிவிட்டது, நோய்க்கு மாறவில்லை. பெயரை வைத்துக் குற்றவாளியைப் பிடிப்பதென்றால், சளி பிடித்துத் தும்முகிற தடிமனுக்கு யாராவது லண்டன் தடிமன் என்று பெயர் வைத்திருந்தால் நாங்கள் எல்லோரும் என்றோ நாடு கடத்தப்பட்டிருப்போம். இது எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. அன்று நானும் அந்தக் குடும்பத்தின் விமானத்தைத்தான் நினைத்தேன்.

வைத்தியங்களும் குழுவில் வந்தன. ஒருவர் நந்தியாவட்டைப் பூ கிடைக்குமா என்று விசாரித்தார். இன்னொருவர் தாய்ப்பால் இரண்டு துளி விட்டால் போதும் என்று எழுதினார். வகுப்பில் கைக்குழந்தை வைத்திருந்த ஒரே தாய் அதன் பிறகு இரண்டு நாள் குழுப் பக்கமே வரவில்லை.

சனிக்கிழமை வகுப்புக்கு நாலு பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் பள்ளியின் அதிபர் கிழமை நாட்களில் மின்பொறியாளர். எதையும் இணைப்பைத் துண்டித்தால் சரிவரும் என்று நம்புகிறவர். என்னை மூலைக்கு அழைத்தார்.

“ரீச்சர், சனம் கொதிக்குது. ஒரு கடிதம் எழுதுங்கோ. நீங்கள் எழுதினாத்தான் ஒழுங்கா இருக்கும்.”

‘ஒழுங்கா’ என்று சொன்னால் நான் எதையும் செய்துவிடுவேன் என்பது அதிபருக்குத் தெரியும். அரை மணியில் எழுதிக் கொடுத்தேன். மூன்று பிரிவுகள். (அ) கண் நோயுடன் வெளிநாட்டிலிருந்து திரும்பிய மாணவர் மூன்று கிழமைகளுக்கு வகுப்புக்கும் நிகழ்ச்சிகளுக்கும் வருவதைத் தவிர்க்கவும். (ஆ) நோய் பரவக் காரணமாக இருந்த எவருக்கும் இது பொருந்தும். (இ) திரும்பி வரும்போது பொறுப்பாசிரியரிடம் அனுமதி பெறவும். மூன்று கிழமைக்குள் விழாவும் வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். பொதுவான கடிதம்போல இருந்தது. பன்னிரண்டு பேரில் வெளிநாடு போனவள் ஒருத்தி.

கரட்டுக்கும் அதே கண்தான். ஆனால் கரட் எங்கேயும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கரட்டின் தாய் தன் பிள்ளைக்குச் சந்தைக்காரி வேஷத்துக்கென்று சின்னச் சேலை தைக்கக் கொடுத்துவிட்டார் என்று அறிந்தேன்.

கடிதத்தைச் சந்தைக்காரியின் தாய்க்குத் தனியாக அனுப்பியிருந்தேன். “சரிங்க டீச்சர்” என்று பதில் வந்தது. அடுத்த நிமிடம் குழுவில், அவர் வெளியேறினார் என்ற சாம்பல் நிற வரி விழுந்தது. இவ்வளவுக்கும், எங்களுக்கு முதலில் எச்சரிக்கை தந்தவர் அவர்தான்.

செவ்வாய்க்கிழமை என் கணவரின் வலது கண் சிவந்தது. மருந்துக்கடைக்குப் போனோம். அங்கே இருந்தவள் இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளை ஒருத்தி. அவருடைய கண்ணைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“வீட்டில சின்னாக்கள் இருக்கினமோ, அன்ரி?”

“இல்லை. சனிக்கிழமையில மட்டும் பன்னிரண்டு.”

அவள் சிரித்தாள். “பிறகேன் கேக்கிறியள். கண்ணைக் கசக்குவினம், அந்தக் கையால எல்லாத்தையும் தொடுவினம். தடிமன் மாதிரித்தான், வராத பிள்ளை இல்லை. ஒவ்வொரு நாளும் ஆராவது ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இதில வந்து நிப்பா. அநேகமாத் தானாவே மாறிடும்.”

“எங்கட வகுப்புக்கு மெட்ராஸில இருந்து வந்ததாம்.”

“அவ்வளவு தூரம் ஏன் போறியள், அன்ரி? இஞ்ச ஸ்ராட்ஃபோர்ட்டிலயே வேண்டிய அளவு இருக்கு.” சொட்டு மருந்தைக் கடதாசிப் பையில் போட்டாள். “கை கழுவுங்கோ. துவாய், தலகாணி உறை எல்லாம் தனித்தனி. கண்ணுக்கு மை போடுறனீங்களோ? அதைக் கட்டாயம் எறிஞ்சுபோடுங்கோ. அதுக்குள்ள இருந்து திரும்பத் திரும்ப வரும்.”

வீடு வரும்வரை கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். என் கணவர் அதைத் தனக்குக் கண் சிவந்த துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்றிரவு சமைக்க முன்னம் ஒரு அட்டவணை போட்டேன். பன்னிரண்டு வரிசை: பிள்ளை, கண் சிவந்த நாள், மை பூசியதா இல்லையா. மை பூசிய ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு நோய். பூசணிக்காய் தப்பியது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேசைக்கு அடியில் போன மூவருக்கும் ஒன்றும் இல்லை. சந்தைக்காரி முதலாவதும் அல்ல, இரண்டாவதும் அல்ல. அவளுக்கு முன்பே நாலு பேருக்கு வந்திருக்கிறது. பிறகு நாட்குறிப்பைத் திறந்தேன். படம் எடுத்ததற்கு இரண்டு நாள் முன்பு, வியாழன்: ‘தங்கை வீடு. சின்னவனின் கண் சிவப்பு. என் தோளில் நித்திரை.’ அடுத்த நாள், வெள்ளி: ‘உடம்பு: இடது கண்ணில் மணல் விழுந்ததுபோல். ரயில் தூசி.’

அந்த ரயில் அன்று பிந்தவும் இல்லை, தூசி கிளப்பவும் இல்லை. அதன் மேல் வீண்பழி போட்டிருக்கிறேன்.

அட்டவணையைக் கணவரிடம் காட்டினேன். அவர் ஒற்றைக் கண்ணால் படித்தார்.

“இதைப் போய் ஆருக்கும் சொல்லப்போறீரோ?”

“எழுதிக் கிடக்கே.”

“எழுதினது உமக்கு மட்டும்தானே தெரியும்.”

“அந்தப் பிள்ளையை நிப்பாட்டினது நான். என்ர கையெழுத்து.”

அவர் ஈரத் துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். “அப்ப எனக்கும் தந்தது நீர்தான். விமானச் செலவு இல்லாமல்.”

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பெற்றோரை இருக்கச் சொன்னேன். எழுந்து நின்று அட்டவணையை வாசித்தேன். நாள், பிள்ளை, மை, விரல், என் இடது கண், தங்கை வீடு. ஏழு நிமிடம் எடுத்தது. முடித்துவிட்டு, அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், நோயைக் கொண்டுவந்தது நான்தான் என்றேன்.

பிறகு அதிபர் எழுந்தார்.

“ரீச்சரின்ர பெருந்தன்மையை நாங்கள் எல்லாரும் பாராட்டவேணும்” என்றார்.

கை தட்டினார்கள்.

“பெருந்தன்மை இல்லை. நடந்தது” என்றேன்.

“நீங்கள் ஆரையும் விட்டுக்குடுக்க மாட்டியள், ரீச்சர்” என்றார் கரட்டின் தாய். “எங்களுக்குத் தெரியாதே உங்களை.”

வெங்காயத்தின் தகப்பன் பின் வரிசையிலிருந்து சொன்னார்: “எழுத்துக்குக் கீழ அடிமட்டம் வைச்சுக் கோடு போடுற ஆள் நீங்கள். உங்களிட்டை இருந்து கண் வருத்தம் வருமே? சும்மா சொல்லாதேங்கோ.”

மீண்டும் கை தட்டல். நாளையும் நேரத்தையும் இன்னும் துல்லியமாகச் சொல்லச் சொல்ல, அந்தத் தாயைக் காப்பாற்ற நான் எவ்வளவு பாடுபடுகிறேன் என்று அவர்கள் உருகினார்கள். பக்கத்தில் இருந்த கத்தரிக்காயின் தாய் கண்ணைத் துடைத்தார்; அது உருக்கமா, நோயின் மிச்சமா என்று சொல்ல முடியவில்லை. என் குறிப்பை யாரும் நம்பாமல் விட்டது அதுவே முதல் தடவை. எனக்குக் கோபமே வந்துவிட்டது.

மை டப்பாவை நான் எறிந்திருக்கவில்லை. நாளும் விவரமும் எழுதி, பொலித்தீன் பைக்குள் இட்டுக் கட்டி வைத்திருந்தேன். அதை எடுத்துப் பையைப் பிரித்து, டப்பாவைத் திறந்து முன் மேசையில் வைத்தேன்.

“நல்லது. அப்ப இதில ஒண்டும் இல்லை. ஆராவது ஒராள் வந்து ஒரு கண்ணில பூசிக் காட்டுங்கோ.”

ஒருவரும் அசையவில்லை. பிறகு அசைந்தார்கள், ஆனால் பின்பக்கமாக. முன் வரிசைக் கதிரைகள் ஒன்றாக நிலத்தில் உரசிய சத்தம் கேட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற அதிபர் பெருந்தன்மையோடு இரண்டு அடி தள்ளிப் போனார்.

“சரி, ரீச்சர், சரி” என்றார் வெங்காயத்தின் தகப்பன். “நம்புறம். அதை மூடுங்கோ.”

மூடினேன். “கடிதத்தின்ர (ஆ) பிரிவின்படி மூண்டு கிழமைக்கு நான் வரக்கூடாது” என்றேன்.

“அது ஏலாது” என்றார் அதிபர் உடனே. “வகுப்புக்கு வேற ஆள் இல்லை. நீங்கள் நில்லுங்கோ.”

ஐந்து வயதுப் பிள்ளையை விலக்க அரை மணி நேரமும் மூன்று பிரிவுகளும் தேவைப்பட்டன. என்னை மன்னிக்க ஒரு வசனம் போதுமாயிருந்தது. வெளியே போகும்போது கரட்டின் தாய் கிட்ட வந்தார்.

“அவை குழுவை விட்டே போட்டினம், ரீச்சர். இனி வருவினமோ?” என்றார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். சேலையும் தைத்து வந்துவிட்டதாம்.

அதுதான் என் பயமும். அன்று மாலை சந்தைக்காரியின் தாய்க்கு நான் அனுப்பிய மூன்று செய்திகளும் படிக்கப்பட்டன. பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் அவர்களுடைய அடுக்குமாடிக்குப் போனேன். கதவு சங்கிலியோடு திறந்தது.

“டீச்சர்?”

“ஓம். ஒரு கடிதம் தரவேணும்.”

“இன்னொரு லெட்டரா?” என்றார் அந்தத் தாய்.

சங்கிலி கழன்றது. உள்ளே போய் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்த பிறகுதான் அவர் கேட்டார்.

“ஒரே டப்பாவா?”

“ஒரே டப்பா.”

“எல்லாருக்கும்?”

“ஒன்பது பேருக்கு.”

“விரலாலயா, டீச்சர்?”

“விரலால.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“பத்து நாளா, ப்ளைட்ல பக்கத்துல யார் உக்காந்திருந்தாங்கன்னு யோசிச்சிட்டே இருக்கேன். எங்கம்மாகிட்ட போன்ல சண்டை போட்டேன். உங்க வீட்லதான் ஒட்டிக்கிச்சு, நீங்கதான் கண்ட எடத்துக்கும் கூட்டிட்டுப் போனீங்கன்னு. அவங்க என்னோட பேசறதில்ல.”

“அவவுக்கும் நான் எழுதித் தரட்டோ?” என்றேன்.

“வேணாம் டீச்சர். தயவுசெஞ்சு எழுதாதீங்க.” மேசையில் கிடந்த பழைய கடிதத்தை விரலால் தள்ளினார். “அந்த லெட்டர்ல (அ), (ஆ), (இ)ன்னு அழகா போட்டிருந்தீங்க. அதான் வலிச்சுது. நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தாக்கூட கோவத்துல எழுதிட்டாங்கன்னு விட்டிருப்பேன்.”

நன்றாக எழுதிய கடிதம் என்று நானே அதை இரண்டு தரம் வாசித்து மகிழ்ந்திருக்கிறேன்.

அப்போது உள்ளறையிலிருந்து பிள்ளை வந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை. இரண்டு அடி தள்ளி நின்றாள்.

“டீச்சர், உங்க கண்ணைக் காட்டுங்க.”

குனிந்தேன். அவள் கிட்ட வந்து என் கீழ் இமையை இழுத்து, முதலில் இடது, பிறகு வலது, நிதானமாகப் பார்த்தாள். அவளுக்கு மருந்து விட்டவர்கள் அப்படிப் பார்த்திருக்க வேண்டும்.

“சரியாயிடுச்சு” என்று தாயிடம் அறிவித்தாள். பிறகு என்னிடம் மெதுவாக, “நான் இன்னும் சந்தைக்காரியா?” என்று கேட்டாள்.

நான் அந்தத் தாயைப் பார்த்தேன். அது என்னால் சொல்லக்கூடிய பதில் அல்ல. அவர் சன்னலுக்கு வெளியே ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரயில் போய் முடிந்தது.

“சனிக்கிழமை கூட்டிட்டு வரேன்” என்றார் கடைசியில். “மை நானே வீட்ல போட்டு விட்டுடறேன். நீங்க இவ கண்ணுகிட்ட வரவே கூடாது, டீச்சர்.”

“வரமாட்டன்.”

“அப்போ கேக் வெட்டலாமா?” என்றாள் பிள்ளை.

“வெட்டுவம், பிள்ளை” என்று நான் கத்தியை எடுக்கக் கை நீட்டினேன். அவள் தட்டை என் கைக்கு எட்டாமல் இழுத்துக்கொண்டாள்.

“கை கழுவணும்.”

எழுந்து குசினிக்குப் போனேன். அவளும் பின்னால் வந்து, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். சவர்க்காரம் போட்டுக் கழுவித் திரும்பினேன். அது பத்தாது என்றாள். விரல் இடுக்கெல்லாம் தேய்க்க வேண்டுமாம். மீண்டும் குழாயைத் திறந்தேன்.